பிரஷர் மாத்திரை விடாமல் சாப்பிட ஒரு போன் சேவை: செட்டிநாட்டில் உருவாக்குவதும் சோதிப்பதும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் நோயாளிகளுக்காக ஒரு செயலியோ குரல் அழைப்போ வாட்ஸ்அப் சேவையோ உருவாக்க நினைக்கும் மருத்துவர்கள், செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டு முழுக்க ரத்த அழுத்தம் பற்றியது. சர்க்கரைக்கோ காசநோய்க்கோ செய்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுதான். அளவுகள் மட்டும் மாறும்.

செயலியை எழுதி முடித்துவிட்டு அதற்கு நோயாளியைத் தேடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் அடுத்த முறை போகும்வரை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை ஒரு மனிதர் போனில் பேசிச் செய்ய வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்று தெரிந்த பிறகே நிரல் எழுத உட்காருங்கள்.

ஒரே ஒரு செயல்

‘பி.பி. கட்டுக்குள் வர வேண்டும்’ என்பது ஆசை. அதை நோயாளி செய்யக்கூடிய ஒரு செயலாக இறக்க வேண்டும். மாத்திரை, உப்பு, நடை, எடை, மாதாந்திர அளவீடு என்று ஐந்தையும் ஒரே சேவைக்குள் திணித்தால், ஆறு மாதம் கழித்து எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உப்புக்கண்டமும் மாவற்றலும் ஊறுகாயும் இல்லாத சமையலறையே இல்லாத ஊரில் உப்பை விட்டுவிடுவதா என்று மனம் கேட்கும். அதை இரண்டாவது சேவையாக, தனியாகச் செய்யலாம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் செயல் இது: கையிருப்பு மாத்திரை தீர்வதற்கு முன் அடுத்த மாத்திரை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். மருந்தும் இருக்கிறது, கொண்டுவர ஆளும் இருக்கிறது. இடையில் விழும் இடைவெளியை மட்டும் போன் அடைக்கலாம். ஏற்கெனவே ஓடும் ஒரு ஏற்பாட்டோடு சேர்த்துக் கட்டும் சேவைதான், பணம் கொடுத்தவர்கள் போன பிறகும் நிற்கும்.

அடுத்து ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தடை: ‘மாத்திரை தீர்ந்தது தெரிகிறது, ஆனால் தீர்ந்த பிறகுதான் தெரிகிறது’. இரண்டாவதில் சேவை செய்வது: ‘தீர ஏழு நாள் இருக்கும்போது அழைப்பு’. மூன்றாவதில் நோயாளி செய்வது: ‘டப்பாவைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வது’. நான்காவதில் நீங்கள் அளப்பது: ‘மாத்திரை இல்லாமல் போன நாட்கள், ஆறாம் மாதத்தில் மேல் அழுத்தம் (பி.பி. அளவில் முதலில் சொல்லும் எண்)’. இந்தத் தாளில் எழுத முடியாத எதையும் சேவையில் சேர்க்காதீர்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2000இல் வெளியிட்டு 2008லும் 2021லும் புதுப்பித்த வழிகாட்டி இத்தகைய தலையீடுகளுக்கு உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது. இந்த முயற்சி எந்த வழியாக வேலை செய்யும் என்பதை முதலிலேயே எழுதிவைக்கும்படி அதுவும் கேட்கிறது.

வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்

12 முதல் 15 வீடு போதும், ஆனால் வகைவகையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி. ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் தொழிலாளி. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண். காலை முதல் இரவுவரை கல்லாவை விட்டு எழ முடியாத கடைக்காரர். சொந்தமாகப் போன் இல்லாத தாத்தா. ஒரே சுகாதார நிலையத்தின் வரிசையில் நின்ற 15 பேரைப் பேட்டி எடுத்தால், ஒழுங்காக வருகிறவர்களை மட்டும் பார்த்திருப்பீர்கள். சேவை தேவைப்படுவது வராதவர்களுக்கு.

‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ‘சாப்பிடுறேனே’ என்ற பதில்தான் வரும். ‘மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க, எடுத்துக் காட்டுங்க’ என்று கேளுங்கள். வருகிற எவர்சில்வர் டப்பாவில் பலதும் இருக்கும்: கத்தரியால் நாலு நாலாக வெட்டிய அட்டைத் துண்டுகள், அவற்றில் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டோடு போயிருக்கும், இறந்துபோன கணவரின் பழைய மாத்திரை, கடையில் தனியாக வாங்கிய அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில். இந்த டப்பாவைப் பார்க்காமல் கையிருப்புக் கணக்குப் போடும் எந்த மென்பொருளும் தப்பாகத்தான் சொல்லும்.

மாத்திரை நின்றதற்கான காரணத்தைத் தனித்தனியாகப் பிரியுங்கள், ஏனென்றால் போன் எல்லாவற்றையும் தீர்க்காது. தீர்ந்துபோனது, மறந்தது ஆகியவற்றை அழைப்பு தீர்க்கும். ‘அளந்து பார்த்தேன், பிரஷர் இறங்கிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்’ என்பவருக்கு ஒரு விளக்கம் வேண்டும். மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதக் குரல் வேண்டும். பி.பி. மருந்தான அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கியதால் நிறுத்தியவருக்கு ஞாபகமூட்டல் அனுப்பிக்கொண்டிருப்பது தவறு. அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சேவை இந்த நான்கு பேரையும் பிரித்தறிய ஏதாவது ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

போனைப் பற்றி ஐந்து விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: யாருடைய போன், பட்டனா டச்சா, பகலில் யார் கையில், வீட்டில் எந்த இடத்தில் சிக்னல், ரீசார்ஜ் யார் போடுகிறார்கள். தடித்த சுவர் கொண்ட பழைய வீடுகளில் முகப்பிலும் வளவு என்னும் நடுமுற்றத்திலும் கிடைக்கும் சிக்னல் உள்ளறைகளில் கிடைக்காமல் போகலாம். ரீசார்ஜ் காலாவதியானால் சில நாட்களில் வரும் அழைப்பும் நின்றுவிடும். இவை தெரியாமல் ‘நோயாளி அழைப்பை எடுக்கவில்லை’ என்று பதிவேட்டில் ஏறினால், பழி நோயாளி மேல் விழுகிறது.

இயந்திரம் இல்லாமல் இரண்டு வாரம்

இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தீரப்போகிற 20 பேரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நோட்டும் ஒரு போனும் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் வேலையைத் தானே செய்யட்டும். நோட்டில் ஆறு பத்தி: தேதியும் நேரமும், யார் எடுத்தார், நோயாளியிடம் போன் போனதா, என்ன கேட்டார், என்ன பதில், அதன்மேல் என்ன நடந்தது. எழுதிவைத்த வசனத்தைத் தாண்டிப் பேசக்கூடாது; தாண்ட வேண்டிய இடம் வந்தால் அதைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். அந்தச் சிவப்பு வரிகள்தான் உங்கள் சேவையில் இல்லாமல் போன பகுதிகள்.

கடைசிப் பத்தி காலியாக இருந்தால் கவனியுங்கள். நோயாளி ‘மாத்திரை இல்லை’ என்று சொன்ன பிறகு மாத்திரை வீடு சேரவில்லை என்றால், குறை அழைப்பில் இல்லை. தன்னார்வலருக்குத் தகவல் போகும் பாதையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கணினி அழைப்பு வைத்தால், கேட்டும் கிடைக்காத ஏமாற்றம் வேகமாகப் பெருகும். இந்தக் கட்டம் பலருக்கும் சலிப்பாக இருக்கும். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் நிரலைத் திரும்ப எழுதத்தான் நேரிடும்.

வசனமும் குரலும்

குறுஞ்செய்தியில் 160 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் 70தான். தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67. கட்டணமும் துண்டுக்கு ஒன்றாக ஏறும். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘மாத்திரை’ கண்ணுக்கு நான்கெழுத்து, கணினிக்கு 8. ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ கண்ணுக்குப் பத்து, கணினிக்கு 19. ‘மாத்திரை தீரும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பதற்கே இடைவெளிகளோடு 40 போய்விடும். மீதி 30க்குள் பத்து இலக்க போன் எண்ணும் அனுப்புபவர் யார் என்பதும் அடங்க வேண்டும். பழைய பட்டன் போன்கள் சிலவற்றில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். வீட்டுப் பார்வையின்போதே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்பையும் (டெம்ப்ளேட்) முன்கூட்டிப் பதிய வேண்டும். பதிந்த வார்ப்பிலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி நடுவழியில் நின்றுவிடும். ஆய்வு தொடங்கிய பின் ‘இந்தச் சொல்லை மாற்றலாமே’ என்று யோசிக்க இடமில்லை. மூன்று நான்கு மாற்று வடிவங்களை முதலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் குரல் அழைப்பே பொருத்தம். 20 முதல் 30 விநாடிக்குள் முடியுங்கள். தேர்வு மூன்றுக்கு மேல் வேண்டாம். செயலை முதலிலும் எண்ணைக் கடைசியிலும் சொல்லுங்கள். எண்ணை முன்னால் சொன்னால், செயலைக் கேட்டு முடிப்பதற்குள் எண் மறந்துவிடும். இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். மாத்திரை ஞாபகப்படுத்துற அழைப்பு இது. டப்பாவைத் திறந்து பாருங்க. இன்னும் ஏழு நாளைக்கு மாத்திரை இருந்தா ஒண்ணை அழுத்துங்க. இல்லேன்னா ரெண்டை அழுத்துங்க. யார்கிட்டயாவது பேசணும்னா மூணை அழுத்துங்க.’

‘அழுத்தவும்’, ‘உட்கொள்ளவும்’ என்று பதிவு செய்தால் வங்கி அழைப்பு என்று நினைத்து வைத்துவிடுவார்கள். இந்த வட்டாரத்துப் பேச்சு உள்ள, நிதானமான பெண் குரல் நல்லது. அந்தத் தன்னார்வலரே பேசிப் பதிந்தால் இன்னும் நல்லது. தன்னார்வலர் வாசலில் நின்று ‘ஆச்சி’ என்றோ ‘அத்தை’ என்றோ கூப்பிடுவது அவருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவு. பதிவு செய்த குரலில் அது வேண்டாம். எல்லா வீட்டுக்கும் போகிற ஒலிப்பதிவில் ஒரு சமூகத்தின் உறவுப்பெயரை வைத்தால் மற்ற வீட்டில் அது ஒட்டாது.

எதிர்பாராத ஒரு சிக்கல்: எண்ணை அழுத்துவதில் பட்டன் போன்காரர்களைவிட டச் போன் வைத்திருக்கும் முதியவர்கள் அதிகம் திணறுவார்கள். காதருகே கொண்டுபோனதும் திரை அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்து, எண்பலகைக் குறியைத் தேடி, அதைத் தொட்டால்தான் எண்கள் வரும். அதற்குள் நேரம் முடிந்து அழைப்பு துண்டிக்கப்படும். எனவே பதிலுக்கு 15 விநாடியாவது காத்திருக்கச் செய்யுங்கள், ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள், கூடவே மிஸ்டு கால் வழியும் வையுங்கள்: ‘மாத்திரை இல்லேன்னா இதே நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, நாங்க கூப்பிடுறோம்.’ காசு இல்லாத போனிலும் முடிந்தவரை இது வேலை செய்ய வேண்டும் என்பதால், மிஸ்டு காலைப் பதிவு செய்ததும் தானாகத் திரும்ப அழைக்கும்படி அமையுங்கள். விளம்பர அழைப்புகளின் 140 வரிசை எண் வேண்டவே வேண்டாம். ஒரே நிலையான எண் வையுங்கள். சேரும் நாளிலேயே அதை நோயாளியின் போனில் ‘மாத்திரை’ என்று பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.

கால அட்டவணை 30 நாள் மாத்திரைக்கு இப்படி: 23ஆம் நாள் முதல் அழைப்பு. எடுக்காவிட்டால் அன்று மாலையும் மறுநாளும் மறுபடி. மூன்றிலும் எடுக்காவிட்டால் பெயர் தன்னார்வலர் பட்டியலுக்குப் போகும். ‘இல்லை’ என்று பதில் வந்தவருக்கு 27ஆம் நாள் சரிபார்ப்பு அழைப்பு. எந்த நேரத்தில் அழைப்பது என்பதை நோயாளியே சேரும்போது சொல்லட்டும். நாமாகக் காலை பத்து மணி என்று வைத்தால் கடையிலும் வயலிலும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அந்த நாட்களில் வீட்டு டப்பா வீட்டில் இருக்கும், ஆள் சாலையில் இருப்பார். பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக ‘நடைக்குப் போறீங்களா? மாத்திரையக் கையோட எடுத்துக்குங்க’ என்று ஒரு தனி அழைப்பு வையுங்கள். பேரன் பேத்தி பிறப்புக்குச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கும் இதே தேவை.

அந்தரங்கமும் ஆபத்தும்

போன் மருமகள் கையிலோ பேரன் கையிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். வசனத்தில் நோயின் பெயர் வரக்கூடாது. காசநோய், மனநலம், எச்.ஐ.வி. போன்றவற்றில் இது இன்னும் கறாரான விதி. அங்கே ‘மாத்திரை’ என்ற சொல்கூட ஒரு வீட்டில் சண்டையைக் கிளப்பும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் தகவல் போகட்டும் என்று குடும்பத்தார் கேட்பார்கள். நோயாளி தனியாக, தன் வாயால் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். நேரமும் பாருங்கள்: இங்கே இரவு 8 என்றால் சிங்கப்பூரில் 10.30.

பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியைக் கேட்கக்கூடாது. ‘நெஞ்சு வலி இருக்கா?’ என்று ஒரு செயலி இரவு பத்து மணிக்குக் கேட்டு, ‘ஆம்’ என்ற பதிலை மறுநாள் காலையில் ஒருவர் படித்தால், அந்தச் செயலி ஆபத்தானது. இரவும் பகலும் பார்க்க ஆள் இல்லையென்றால் அறிகுறிக் கேள்வியையே எடுத்துவிட்டு, சேரும்போதும் அழைப்பின் முடிவிலும் ‘அவசரத்துக்கு 108’ என்று சொல்லுங்கள். வீட்டில் அளந்த பி.பி.யைப் பதிகிற சேவையாக இருந்தால் எல்லைகளை மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். மேல் அழுத்தம் 180 அல்லது கீழ் அழுத்தம் 120ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவர். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காமல் உடனே 108. மேல் அழுத்தத்தைப் பதியும் கட்டத்தில் 70க்குக் கீழும் 250க்கு மேலும் வந்தால் ‘சரிதானா?’ என்று கேளுங்கள், தடுத்துவிடாதீர்கள். உண்மையிலேயே 260 இருப்பவரின் தகவல் உள்ளே வராமல் போகக்கூடாது.

கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்

முதல் வடிவம் தயாரானதும் ஒரு சுற்றுக்கு ஐந்து பேர், மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திருத்தி, அடுத்த சுற்றுக்குப் புது ஆட்கள். ‘மனசுல ஓடுறத அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க’ என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். தயங்கும் இடத்தில் உதவக்கூடாது. தயங்கிய இடத்தையும் எத்தனை விநாடி என்பதையும் குறிக்க வேண்டும்.

இங்கே பெரிய தடை நம் மக்களின் மரியாதை. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லமாட்டார்கள். காபி கொடுத்து ‘நல்லாருக்கு தம்பி’ என்பார்கள். ஆகவே ‘பிடிச்சிருக்கா?’ என்ற கேள்வியால் பயனில்லை. ‘இந்த போன் என்ன சொல்லிச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ அதுதான் வசனத்தில் புரியாத பகுதி. உருவாக்கியவரே சோதிக்கப் போகாமல் வேறொருவரை அனுப்புவதும் உதவும்.

பத்துக் கேள்வி கொண்ட பயன்பாட்டு அளவுகோல் ஒன்று இத்துறையில் பிரபலம். 100க்கு 68 சராசரி என்பார்கள். அதைத் தமிழாக்கிப் படிக்கத் தெரியாதவரிடம் வாசித்துக் காட்டி மதிப்பெண் வாங்குவதில் நம்பகம் குறைவு. ஒற்றைப்படைக் கேள்வி சாதகமாகவும் இரட்டைப்படைக் கேள்வி பாதகமாகவும் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ சொல்கிறவரின் மதிப்பெண் நடுவில் வந்து நிற்கும். தனியாகச் செய்து முடித்தவர் ஐந்தில் எத்தனை என்ற கணக்கே மேல்.

அனுமதிகள்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வீட்டுப் பேட்டியும் இரண்டு வாரச் சோதனையும் ஆய்வுதான்; அவற்றுக்கும் முன்னதாக நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் குழு இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் பதிவு பெற்ற குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி இடம் தருகிறது. எழுதத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை செய்யப் பொது சுகாதாரத் துறை வழியாக அனுமதி தனி. அதற்கு ஆகும் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஒப்பீட்டு ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில், முதல் நோயாளி சேரும் முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது. தகவல் சேகரிப்பில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் வையுங்கள். சம்மத அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். வெறும் ஞாபகமூட்டல் ஒரு ரகம். அளவைப் பார்த்து ‘மாத்திரையைக் கூட்டு, குறை’ என்று தானே சொல்லும் மென்பொருள் வேறு ரகம். அது மருத்துவ சாதன விதிகள் 2017க்குள் வரக்கூடும். தொடங்கும் முன் விசாரித்துத் தெளியுங்கள்.

சிறு முன்னோட்டம்

30 முதல் 40 பேர், எட்டு முதல் பத்து வாரம். இதில் பி.பி. இறங்கியதா என்று பார்க்காதீர்கள். இத்தனை சிறிய எண்ணிக்கையில் அது எதையும் நிரூபிக்காது. பார்க்க வேண்டியது முழு ஆய்வை ஓட்ட முடியுமா என்பது. தொடங்கும் முன்பே எல்லைகளை எழுதி ஒப்பமிடுங்கள். உதாரணமாக, அழைத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் முன்னேறலாம். 40க்குக் கீழ் என்றால் நிறுத்தி மறுபடி வடிவமைக்க வேண்டும். இடையில் என்றால் திருத்தித் தொடரலாம். இதே போல மூன்று எல்லை, செய்தி கேட்கப்பட்ட விகிதத்துக்கும் கடைசி அளவீட்டுக்கு வந்தவர் விகிதத்துக்கும். முடிவைப் பார்த்த பிறகு எல்லை வைத்தால் எந்த முன்னோட்டமும் தோற்காது.

‘கேட்கப்பட்டது’ என்றால் என்ன என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். எடுத்து மூன்று விநாடியில் வைத்த அழைப்பையும் தொலைபேசிப் பதிவு ‘எடுக்கப்பட்டது’ என்றே காட்டும். செய்தியில் பாதிக்கு மேல் ஓடியிருந்தால்தான் கணக்கு என்று வையுங்கள்.

முழு ஆய்வு

சேர்ந்தவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் அளந்து ‘பி.பி. இறங்கியது’ என்று அறிவிப்பது மிகச் சுலபம், மிகத் தவறு. இரண்டு காரணம். மேல் அழுத்தம் 150க்கு மேல் இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், அன்று ஏதோ காரணத்தால் ஏறியிருந்தவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் சராசரி இறங்கும். அடுத்தது வெயில். சூட்டில் ரத்த நாளங்கள் விரிவதால் கோடையில் பி.பி. இறங்கும். மார்கழியில் ஆள் சேர்த்துச் சித்திரையில் அளந்தால், காரைக்குடி வெயில் செய்த வேலை உங்கள் செயலியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே அதே மாதங்களில், அதே முறையில் அளக்கப்படும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

ஒரே தெருவில் ஒருவருக்கு அழைப்பு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை என்றால், இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். தன்னார்வலரும் இருவரையும் ஒரே மாதிரிதான் கவனிப்பார். எனவே யாருக்குச் சேவை என்று ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்காமல் துணை சுகாதார நிலையத்தை ஓர் அலகாக எடுத்துக் குலுக்குங்கள். சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்குச் சுமார் 5,000 மக்கள் என்பது நெறி. போதுமான நோயாளிகள் கிடைப்பார்கள். சாக்கோட்டை, கல்லல் என்று ஒன்றியவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் குலுக்கினால் இரு பக்கமும் சமமாக இருக்கும். எல்லா நிலையத்திலும் ஆள் சேர்த்து முதல் அளவீட்டை முடித்த பிறகே குலுக்கல் முடிவைத் திறக்க வேண்டும். முன்னால் தெரிந்தால், சேவை கிடைக்கும் ஊரில் ஆர்வமுள்ளவர்களையே சேர்த்துவிடுவோம்.

எத்தனை பேர் வேண்டும்? மேல் அழுத்தத்தில் இரு குழுவுக்கும் 5 புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆளுக்கு ஆள் உள்ள சிதறல், அதாவது திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். பிழை வாய்ப்பு 5 சதவீதம், கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்றால் வாய்பாடு (15.7 என்பது இந்த இரண்டு சதவீதத்துக்கும் உரிய மாறா எண்): 15.7 × 15 × 15 ÷ (5 × 5) = 141.3. குழுவுக்கு 142 பேர். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஓரளவு ஒத்திருப்பார்கள் என்பதால் இதைப் பெருக்க வேண்டும். நிலையத்துக்கு 20 பேர், ஒத்திருப்பின் அளவு 0.02 என்றால் பெருக்கம் 1 + (19 × 0.02) = 1.38. 142 × 1.38 = 196. இடையில் 15 சதவீதம் பேர் கழன்றுவிடுவார்கள் என்று வைத்தால் 196 ÷ 0.85, அதாவது 231. குழுவுக்கு 12 நிலையம், நிலையத்துக்கு 20 பேர் எடுத்தால் 240, போதும். சிதறலையும் ஒத்திருப்பையும் உங்கள் முன்னோட்டத்திலிருந்தும் இதே போன்ற வெளிவந்த ஆய்வுகளிலிருந்தும் எடுத்து, புள்ளியியலாளர் ஒருவரோடு சரிபாருங்கள். நிலையத்துக்கு 40 பேர் எடுத்து ஆறே நிலையத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பெருக்கம் 1.78 ஆக ஏறி, அந்த 240 பேர் போதாமல் போவார்கள்.

பி.பி.யை அளக்கும் விதத்தில்தான் பல நல்ல ஆய்வுகள் கெடுகின்றன. சரிபார்க்கப்பட்ட, மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி. ஆய்வு முழுக்க ஒரே மாடல். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, புகையிலை வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா என்று தனியாகக் கேளுங்கள், ‘சிகரெட் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவரை அப்படியே அளக்காதீர்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் தாங்கலாக இருக்க வேண்டும். தொங்கினால் அளவு கூடும். கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள்: 22 முதல் 32 செ.மீ. வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷர் தெரியும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாலும் அளவு கெடும். பெண்களை அளக்கப் பெண் பணியாளரும் மறைவான இடமும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, முதலாவதை விட்டுப் பின் இரண்டின் சராசரி. அளப்பவர் வேறு ஒன்றியத்திலிருந்து வந்தவராக, எந்த ஊர் எந்தக் குழு என்று அறியாதவராக இருக்க வேண்டும். பதிவுகளில் 130, 140, 150 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களே நிறைந்திருந்தால், கருவியைப் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம்.

மாத்திரைக் கணக்குக்குச் சூத்திரம் எளிது: கொடுத்ததிலிருந்து மீதியைக் கழித்து, சாப்பிட வேண்டிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 30 கொடுத்து 30ஆம் நாள் 9 மீதி என்றால் 21 ÷ 30, அதாவது 70 சதவீதம். பழைய மீதியை முதல் நாளே எண்ணி எழுதாவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாகும். எண்ணப் போகும் நாளை முன்கூட்டிச் சொன்னாலும் பொய்யாகும்.

கணக்கிடும்போது குலுக்கலில் எந்தக் குழுவோ அந்தக் குழுவிலேயே ஒவ்வொருவரையும் வையுங்கள், ஓர் அழைப்பைக்கூட எடுக்காதவரானாலும். ‘அழைப்பை ஒழுங்காகக் கேட்டவர்களுக்கு நன்றாக இறங்கியது’ என்று காட்டுவதில் பொருளில்லை. அழைப்பைத் தவறாமல் எடுக்கும் ஆள், சேவை இல்லாவிட்டாலும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிற ஆளாக இருக்கலாம். சேவையை விட்டு நழுவியவரும் ஆய்வை விட்டு நழுவியவரும் வேறு. முன்னவரையும் கடைசியில் தேடிப்போய் அளக்க வேண்டும்.

வித்தியாசம் வராவிட்டால் அழைப்புப் பதிவைத் தாளில் போட்ட நான்கு கட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அழைப்பே போய்ச்சேரவில்லையா, கேட்டும் டப்பாவைத் திறக்கவில்லையா, கேட்டு மாத்திரையும் வந்து சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லையா? கடைசியாகச் சொன்னது என்றால் மருந்தின் அளவே போதாமல் இருக்கலாம். அதை மாத்திரை எழுதுகிற மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இறங்காத முடிவையும் சி.டி.ஆர்.ஐ. பதிவில் ஏற்றுங்கள், பக்கத்து மாவட்டத்தில் இன்னொருவர் இதே பணத்தை இதே இடத்தில் செலவழிக்காமல் இருக்க அது உதவும்.

ஆய்வு முடிந்த மறுநாளே அந்த எண்ணை மூடிவிடாதீர்கள். ‘மாத்திரை’ என்று பெயர் போட்டுச் சேமித்த எண்ணுக்கு மிஸ்டு கால் வந்துகொண்டேதான் இருக்கும். குறைந்தது மூன்று மாதம் அதை உயிரோடு வைத்து, அழைத்தவரின் பெயர் தன்னார்வலர் பட்டியலுக்குப் போகும்படி விடுங்கள். பிறகு மூடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதர் போன் செய்து, இனி மாத்திரைக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரோடும் எண்ணோடும் சொல்லிவிடட்டும்.